இடம் மாறி மாறி வான்கோழி வேட்டையாட எடை குறைந்த மறைப்புத் திரை: முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் வசந்த கால வான்கோழி வேட்டை இரண்டு விதமாக நடக்கிறது. ஒரே இடத்தில் கூடாரம் போட்டு விடியலிலிருந்து காத்திருப்பது ஒன்று. சேவல் கொக்கரிக்கும் திசையைப் பிடித்து நடந்து, உட்கார்ந்து, எழுந்து மறுபடி நடப்பது இன்னொன்று. இந்த வழிகாட்டி இரண்டாவது முறைக்கானது. இரண்டு மூன்று பவுண்டு எடையுள்ள ஒரு துணித்திரையும் அதைத் தாங்கும் சில கம்புகளும் இதில் பெரிய உதவி. ஆனால் வாங்கிய கையோடு காட்டுக்குள் போகிறவர்கள், அதை நட்டு முடிப்பதற்குள் சேவலை விரட்டிவிடுகிறார்கள். எல்லா வேலையும் செய்கிறார்கள், வரிசை மாற்றிச் செய்கிறார்கள்.

ஒன்றை முதலிலேயே மனதில் வையுங்கள். திரை மறைப்பது உங்கள் கைகளின் அசைவை. உங்கள் உருவத்தை மறைப்பது முதுகுக்குப் பின்னால் இருக்கும் மரம். கீழே வரும் படிகளில் பலவற்றுக்கும் காரணம் இதுதான்.

1. உரிமமும் சட்டமும்

வேட்டையே குற்றமாக உள்ள நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இந்தப் பகுதி புதிது. அவசரப்படாமல் படியுங்கள்.

வான்கோழி வேட்டை மாநிலச் சட்டத்துக்கு உட்பட்டது. வேட்டை உரிமம், அதற்கு மேல் வான்கோழிக்கான தனி அனுமதி அல்லது டேக் (சுட்ட பறவையில் கட்டும் அடையாள அட்டை), வயதுக்கு ஏற்ப வேட்டைப் பயிற்சிச் சான்றிதழ் ஆகியவை வேண்டும். டெக்சாஸில் 1971 செப்டம்பர் 2ஆம் தேதி அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பயிற்சி கட்டாயம். உரிமத்துடன் மேட்டுநிலப் பறவைகளுக்கான கூடுதல் ஒப்புதலும் அங்கே வாங்க வேண்டும். மற்ற மாநிலங்களில் தேதியும் பெயரும் மாறும்.

எச்-1பி, எஃப்-1 போன்ற குடியேறாதோர் விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் மாநில வேட்டை உரிமம் கையில் இருப்பது அதற்கான விதிவிலக்குகளில் ஒன்று. ஆகவே முதலில் உரிமம், பிறகுதான் துப்பாக்கி. நண்பரின் துப்பாக்கியைச் சற்று நேரம் வாங்கிப் பிடிப்பதற்கும் இதே வரிசைதான். உரிமம் காலாவதியானால் விலக்கும் போய்விடும். உங்கள் நிலைமையில் சந்தேகம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்காமல் துப்பாக்கியைத் தொடாதீர்கள். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

திரைக்கென்றே பார்க்க வேண்டிய விதிகளும் உண்டு. உங்கள் மாநிலம் பாதி மூடிய துணித்திரையை அனுமதிக்கிறதா? பொது நிலத்தில் அன்றன்றே திரையை எடுத்துவிட வேண்டுமா? அதில் பெயர் எழுத வேண்டுமா? வேட்டை நேரம் எப்போது முடிகிறது? சில இடங்களில் நண்பகலோடோ மதியம் ஒரு மணியோடோ முடிந்துவிடும். விதிகள் ஆண்டுதோறும் மாறக்கூடும் என்பதால், அந்த ஆண்டின் விதிப்புத்தகத்தை மாநில வனவிலங்குத் துறையின் தளத்திலிருந்து இறக்கி போனில் வைத்துக்கொள்ளுங்கள். காட்டில் பெரும்பாலும் சிக்னல் இருக்காது.

2. எந்தத் திரை வாங்குவது

சந்தையில் கிடைப்பவை நான்கு வகை.

கம்புத் திரை என்பது 8 முதல் 12 அடி நீளமுள்ள துணி. ஏறத்தாழ 27 முதல் 36 அங்குல உயரம் இருக்கும். இடையிடையே உள்ள உறைகளில் ஃபைபர்கிளாஸ் அல்லது அலுமினியக் கம்புகள் செருகியிருக்கும். நடந்து வேட்டையாடுபவருக்கு ஏற்றது இதுதான். வாங்குவதானால் 27 அல்லது 30 அங்குல உயரத்தில் வாங்குங்கள். 36 அங்குலம் அதிகப் பாதுகாப்பு போலத் தோன்றும். ஆனால் தாழ்ந்த இருக்கையில் உட்கார்ந்தால் அது கண்ணுக்கு நேராக வந்து நிற்கும். கடைசி நொடியில் எட்டிப் பார்க்கத் தலையைத் தூக்குவீர்கள், சேவல் பார்த்துவிடும்.

வெறும் துணிச்சுருள் என்பது காட்டோடு கலக்கும் கேமோ அச்சுள்ள துளையிட்ட வலை அல்லது சாக்குத்துணி. 12 அடி நீளத்தில் ஒரு துண்டும் துணி மாட்டும் கிளிப்புகள் ஆறும் போதும். செடிகளில் மாட்டிவிடலாம். விலை குறைவு, எடை குறைவு. மாட்டச் செடி இல்லாத இடத்தில் இது உதவாது.

குடை போல விரியும் ஒற்றைத் தகட்டுத் திரை சட்டென்று நிற்கும். அகலம் குறைவு என்பதால் பக்கவாட்டிலிருந்து வரும் பறவைக்கு நீங்கள் முழுதாகத் தெரிவீர்கள்.

நான்கு பக்கமும் கூரையும் உள்ள ஹப் கூடாரம் பத்து முதல் இருபத்தைந்து பவுண்டு வரை இருக்கும். நடப்பவருக்குச் சுமை. குழந்தையை அழைத்துப் போகும்போதும், வில் வேட்டையிலும் மட்டும் அந்தச் சுமைக்குப் பலன் உண்டு. வில்லை இழுப்பது பெரிய அசைவு. அதைப் பாதி உயரத் துணி மறைக்காது.

துணியைத் தேர்வதில் நிறத்தைவிட பளபளப்பு முக்கியம். வெயிலில் விரித்து, பத்து கெஜம் தள்ளி நின்று, பக்கவாட்டில் பாருங்கள். மினுங்கினால் வேண்டாம். பிறகு கையில் கசக்கிப் பாருங்கள். சரசரவென்று கேட்டால் காட்டில் இரண்டு மடங்காகக் கேட்கும். இலை போல வெட்டிவிட்ட துணி ஒளியை உடைக்கும், காற்றையும் வழியவிடும். வெல்க்ரோ பட்டை வைத்த திரை என்றால் அதைப் பிய்த்துவிட்டு ரப்பர் வளையமோ நாடாவோ தைத்துக்கொள்ளுங்கள். விடியலில் வெல்க்ரோ பிரியும் ஓசை வெகுதூரம் போகும்.

வான்கோழிக்குப் புற ஊதா ஒளியும் தெரியும். வெண்மை கூட்டும் ரசாயனம் கலந்த சோப்பில் திரையையோ வேட்டை உடையையோ துவைத்தால் அது பறவையின் கண்ணுக்கு எடுப்பாகத் தெரியும். அந்தச் சேர்மானம் இல்லாத சோப்பைப் பயன்படுத்துங்கள். வாசனை பற்றிக் கவலை வேண்டாம். வான்கோழிக்கு மோப்பம் மிகக் குறைவு.

3. உடன் எடுத்துச் செல்பவை

திரை, கம்புகள், தரையிலிருந்து சில அங்குலமே உயரும் சிறு இருக்கை, கைக்கத்தரி, முகமூடி, மெல்லிய கையுறை, சேவலை ஈர்க்கத் தரையில் நிறுத்தும் ஒரு பெட்டைப் பொம்மை, ஓர் இளஞ்சேவல் பொம்மை, அவற்றை மூடிக் கட்ட ஆரஞ்சு நிறப் பை, மரத்தில் கட்ட ஆரஞ்சுத் துணிப் பட்டை, தண்ணீர், டார்ச்.

சிவப்பு, வெள்ளை, நீலம், கறுப்பு நிறங்களில் உடை, கைக்குட்டை, சாக்ஸ், பாட்டில் மூடி என்று எதுவும் வெளியே தெரியக் கூடாது. முதல் மூன்றும் சேவலின் தலை நிறங்கள், கறுப்பு அதன் உடல் நிறம். இன்னொரு வேட்டைக்காரர் புதருக்குள் அந்த நிறத்தைப் பார்த்தால் என்ன நினைப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

உண்ணிக்குத் தயாராகப் போங்கள். வசந்தத்தில் தரையில் உட்காரும் வேட்டை இது. லைம் நோய் பரப்பும் உண்ணியும், சிவப்பு இறைச்சிக்கு ஒவ்வாமை உண்டாக்கும் லோன் ஸ்டார் உண்ணியும் இருக்கும் காடுகள் பல. 0.5 சதவீத பெர்மெத்ரின் தெளிப்பானை உடை, காலணி, திரை மூன்றிலும் முந்தைய நாளே வெளியில் வைத்து அடித்து, முழுக்கக் காயவிட வேண்டும். இது தோலில் பூச அல்ல. ஈரமாக இருக்கும்போது பூனைக்கு ஆபத்து, வீட்டில் பூனை இருந்தால் கவனம். திரையில் அடிப்பதைப் பலர் மறந்துவிடுவார்கள். தரையில் கிடக்கும் துணியில் ஏறும் உண்ணி அப்படியே உங்களோடு காருக்கு வரும்.

4. வீட்டில் ஒத்திகை

கொல்லைப்புறத்திலோ அறைக்குள்ளோ இருக்கையைப் போட்டு, தோட்டா இல்லாத துப்பாக்கியை முழங்காலில் தாங்கி உட்காருங்கள். குழல் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். பெரும்பாலானோருக்கு 24 முதல் 28 அங்குலம் வரும். துணியின் மேல்விளிம்பு அந்த அளவுக்கு இரண்டு மூன்று அங்குலம் கீழே நிற்க வேண்டும். கம்பில் அந்த உயரத்தைப் பச்சை டேப்பால் குறித்து வைத்தால் காட்டில் யோசிக்க வேண்டியிருக்காது. துணி உயரமாக இருந்தால் கம்பை ஆழமாக ஊன்றலாம், அல்லது மேலே ஒரு மடிப்பு மடித்துத் தைத்துவிடலாம்.

அடுத்து, கண்ணை மூடிக்கொண்டு திரையை விரித்துச் சுருட்டிப் பழகுங்கள். விடியலுக்கு முன் டார்ச் அடிக்காமல் செய்ய வேண்டிய வேலை இது. இரண்டு நிமிடத்தில் முடியும் வரை பழக்குங்கள். எந்தக் கம்பு நடுக் கம்பு என்று கை தடவியே தெரிய வேண்டும். அதன் தலையில் ஒரு நூல் சுற்றி வையுங்கள்.

துப்பாக்கியைத் தாளில் சுட்டுப் பார்ப்பதும் இதோடு சேர்ந்ததுதான். 40 கெஜத்தில் 10 அங்குல வட்டத்துக்குள் 100 ரவை (தோட்டாவிலிருந்து சிதறும் சிறு குண்டுகள்) விழுவது நெடுநாளாக வைத்திருக்கும் அளவுகோல். அது கிடைக்கும் தூரம்தான் உங்கள் எல்லை. உங்கள் துப்பாக்கிக்கு 30 கெஜம்தான் என்றால் இனி எல்லா இடத்தேர்வையும் 30 கெஜத்துக்கே செய்யுங்கள். 10 கெஜத்திலும் ஒரு தடவை சுட்டுப் பாருங்கள். அங்கே ரவைக் கூட்டம் கைப்பிடி அளவே இருக்கும். பக்கத்தில் வந்த சேவலைத் தவறவிடுவது ஏன் என்று அப்போது புரியும்.

5. நடக்கும்போது

பொம்மைகள் ஆரஞ்சுப் பைக்குள் மூடியே இருக்க வேண்டும். திரையைச் சுருட்டித் தோள்வாரில் முதுகுக்குக் குறுக்கே போட்டுக்கொண்டால் இரண்டு கையும் துப்பாக்கிக்குக் கிடைக்கும். வேலி தாண்டும்போது தோட்டாவை எடுத்துவிடுங்கள்.

திரையைக் கேடயம் போல முன்னால் பிடித்துக்கொண்டோ, வான்கோழி வாலை விரித்துப் பிடித்துக்கொண்டோ சேவலை நோக்கி ஊர்ந்து போகும் முறையை வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். பொது நிலத்தில் செய்யவே செய்யாதீர்கள். எதிர்ப்பக்கம் இருப்பவருக்கு அங்கே தெரிவது ஒரு வான்கோழி. சில மாநிலங்களில் அது சட்டவிரோதமும்கூட. பென்சில்வேனியாவில் வசந்த காலச் சேவலைக் குரல் கொடுத்து வரவழைத்துத்தான் சுடலாம், பின்தொடர்ந்து பதுங்கிப் போய்ச் சுடக் கூடாது.

6. இடம் தேர்வது

இடம் பார்க்காமல் குரல் கொடுக்காதீர்கள். புதியவர்கள் திரும்பத் திரும்பத் தவறும் இடம் இது. நடந்துகொண்டே பெட்டைக் குரல் கொடுப்பார்கள், எண்பது கெஜத்தில் சேவல் பதில் சொல்லும், அப்புறம்தான் மரம் தேடி ஓடுவார்கள். அந்தச் சேவல் அதற்குள் பாதி தூரம் வந்திருக்கும். நின்று, உட்கார ஒரு மரத்தைக் கண்ணால் குறித்துவிட்டு, பிறகு குரல் கொடுங்கள். பதில் வந்தால் நான்கு எட்டில் அந்த மரத்தடியில் இருக்க வேண்டும். எங்கே இருக்கிறது என்று மட்டும் அறிய ஆந்தை அல்லது காக்கைக் குரலே போதும். அதற்குச் சேவல் கொக்கரிக்கும், ஆனால் உங்களை நோக்கி வராது.

மரம் உங்கள் தோளைவிட அகலமாகவும் தலையைவிட உயரமாகவும் இருக்கட்டும். உருவத்தை மறைப்பது பாதிக் காரணம். பின்னாலிருந்து தவறுதலாக வரும் ரவையைத் தடுப்பது மறுபாதி. அகல மரம் கிடைக்காவிட்டால் வேரோடு சாய்ந்த மரத்தின் வேர்த்தட்டு நன்று.

சேவல் அடையும் மரம் தெரிந்தால் அதிலிருந்து 100 முதல் 150 கெஜம் தள்ளி உட்காருங்கள். இலை இன்னும் துளிர்க்காத ஏப்ரல் தொடக்கத்தில் இன்னும் தள்ளிப் போங்கள். மேலே உட்கார்ந்திருக்கும் பறவைக்கு, நீங்கள் கம்பு நடுவது மொட்டைக் காட்டில் அப்படியே தெரியும்.

நில அமைப்பைப் பயன்படுத்துங்கள். சேவல் பெட்டைக் குரல் வந்த இடத்தைக் கண்ணால் பார்க்க வரும். தொலைவிலிருந்தே அந்த இடம் தெரிந்து, பெட்டை தெரியாவிட்டால், அங்கேயே நின்றுவிடும். ஆகவே மேட்டின் விளிம்பு, பாதையின் வளைவு, புதர்வரிசையின் முனை ஆகியவற்றிலிருந்து 30 கெஜத்துக்குள் உட்காருங்கள். அது தலையைக் காட்டும் இடமே சுடும் தூரமாக இருக்க வேண்டும். உங்களுக்கும் சேவலுக்கும் நடுவே ஓடை, கம்பிவேலி, அடர்ந்த முட்புதர் எதுவும் வேண்டாம். தாண்டி வரக்கூடிய தடையென்றாலும் பல சேவல்கள் அங்கே நின்று கொக்கரித்துக்கொண்டே இருக்கும்.

வெயிலைப் பாருங்கள். காலையில் மேற்கு நோக்கி உட்கார்ந்தால் மரத்தின் நிழல் உங்கள் மேலும் திரையின் மேலும் விழும். கிழக்கு நோக்கி உட்கார்ந்தால் முகத்திலும் துணியிலும் வெளிச்சம் அடிக்கும், சுடும்போது கண்ணும் கூசும். சேவல் கிழக்கில் இருந்தால் சுற்றிப் போகும் நேரம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இருக்கும் நிழலிலேயே மிக ஆழமான இடத்தைத் தேர்ந்தெடுங்கள். நிழல் நகரும். ஏழு மணிக்கு இருந்த நிழல் ஒன்பது மணிக்கு இருக்காது என்பதைக் கணக்கில் வையுங்கள்.

உட்காரும் முன் தரையைப் பாருங்கள். மூன்று மூன்று இலையாக நிற்கும், தொட்டால் அரிக்கும் பாய்சன் ஐவி செடி, இலைச் சருகுக்குள் காப்பர்ஹெட் பாம்பு, எறும்புப் புற்று.

7. நிறுத்தும் வரிசை

சேவல் மிக அருகில் இருந்தால் பொம்மையை விட்டுவிடுங்கள், திரையையும் விட்டுவிடுங்கள். மரத்தில் சாய்ந்து, துப்பாக்கியை முழங்காலில் வைத்து உட்காருவதே போதும். நேரம் இருக்கும்போது வரிசை இது.

முதலில் துப்பாக்கி. தோட்டாவை எடுத்துவிட்டு, குழல் உங்களை நோக்காதபடி தரையில் கிடத்துங்கள். மரத்தில் சாய்த்தால் துணி இழுபடும்போது விழும்.

அடுத்து உட்காரும் இடம். சருகைக் காலால் ஒதுக்கி, மண் தெரியும்படி செய்யுங்கள். பிறகு காலை நகர்த்தும்போது சத்தம் வராது. கோழி கிளறுவது போல விட்டு விட்டு ஒதுக்கினால் அந்த ஓசையும் உங்களுக்குச் சாதகம்.

பிறகு உட்கார்ந்து பாருங்கள். துணி விரிக்கும் முன்னேயே உட்கார வேண்டும். வலக்கைக்காரர் என்றால் சேவல் வரும் என்று நினைக்கும் திசையை இடது தோள் காட்ட வேண்டும். உட்கார்ந்த நிலையில் வலக்கைக்காரரால் இடப்பக்கம் நன்றாகத் திரும்ப முடியும், வலப்பக்கம் கொஞ்சம்தான். இடக்கைக்காரருக்கு இது நேர்மாறு. பார்வைக்குக் குறுக்கே வரும் குச்சிகளை இப்போதே கத்தரியுங்கள். பச்சைச் செடியை வெட்டப் பல பொது நிலங்களில் அனுமதி இல்லை. அங்கே விழுந்த குச்சியை ஒதுக்குவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நான்காவது பொம்மை. திரை நட்ட பிறகு பொம்மை வைக்கப் போனால் அதைத் தாண்டி எழுந்து நடக்க வேண்டும், கால் தட்டித் திரையும் சாயும். 15 முதல் 20 எட்டுக்குள் வையுங்கள். இளஞ்சேவல் பொம்மையின் முகம் உங்களைப் பார்க்கட்டும். வரும் சேவல் எதிரியின் முகத்துக்கு நேராகப் போய் நிற்கும் என்பதால் அது உங்களுக்கு முன்னால் வந்து நிற்கும். பெட்டைப் பொம்மையை மூன்று நான்கு அடி தள்ளி வையுங்கள். பொம்மைக்குப் பின்னால் நேர்கோட்டில் பாதையோ வேறொருவர் வரக்கூடிய வழியோ இருக்கக் கூடாது. நீங்கள் பொம்மையைச் சுட மாட்டீர்கள், அவர் சுடலாம்.

ஐந்தாவதாகத் திரை. உட்கார்ந்தபடியே, காலணி முனைக்குச் சற்று முன்னால் நடுக் கம்பை ஊன்றுங்கள். பிறகு இடது முனை, பிறகு வலது முனை. மீதிக் கம்புகள் கடைசியில். நடுவிலிருந்து தொடங்கினால் துணி இருபுறமும் சமமாகப் பிரியும். ஓரத்திலிருந்து தொடங்கினால் ஒரு பக்கம் துணி தீர்ந்து, மறுபக்கம் தொங்கும். இரு முனைகளையும் உங்கள் பின்பக்கமாக வளைத்து ஆழமில்லாத பிறை வடிவில் நிறுத்துங்கள். நேர்கோட்டில் நட்டால் பக்கத்திலிருந்து வரும் பறவை உங்கள் தொடையையும் கையையும் பார்க்கும்.

ஓரக் கம்புகளின் தலை வெளிப்பக்கம் சற்றுச் சாயட்டும். துணி விறைப்பாக நிற்கும். தொய்ந்த துணி காற்றில் படபடக்கும், அந்த அசைவு ஒன்றே சேவலைத் திருப்பி அனுப்பப் போதும். கீழ்விளிம்பின் மேல் இரண்டு மூன்று கனமான குச்சிகளை வையுங்கள். மிசௌரியின் ஓசார்க் மலைகள் போன்ற கல் தரையில் கம்பு இறங்காது. கல்லால் அடிக்காதீர்கள், ஓசை ஒருபுறம், ஃபைபர்கிளாஸ் பிளந்துவிடும். இரண்டு கல்லுக்கு நடுவே கம்பைச் செருகலாம், அல்லது விழுந்த கட்டையில் சாய்த்து நாடாவால் கட்டலாம்.

ஆறாவது, குழல் சோதனை. துப்பாக்கியைத் தோளில் வைத்து, இடமிருந்து வலம் மெதுவாக ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். குழல்முனை துணியைத் தாண்டி ஒரு சாண் வெளியே நிற்க வேண்டும். ரெட் டாட் அல்லது ஸ்கோப் (குறிபார்க்கும் கண்ணாடி) பொருத்தியவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். அந்தக் கண்ணாடி குழலுக்கு ஒன்றிரண்டு அங்குலம் மேலே இருக்கிறது. கண்ணுக்குச் சேவலின் கழுத்து தெளிவாகத் தெரியும், ஆனால் குழல் துணியையோ கம்பின் தலையையோ பார்த்துக்கொண்டிருக்கும். சுட்டால் ரவைக் கூட்டம் சிதறும், திரை கிழியும், பறவை காயப்பட்டு ஓடும். ஆகவே கண்ணாடி வழியாகப் பார்ப்பதோடு நிற்காமல், தலையை ஒருபக்கம் சாய்த்து, குழலின் பாதை முழுக்கத் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். திருப்பும்போது இடிக்கும் கம்பு எது என்பதும் இதிலேயே தெரிந்துவிடும். அதை நகர்த்துங்கள்.

கடைசியாக மரத்தின் பின்பக்கம், தலைக்கு மேலே ஆரஞ்சுப் பட்டை. திரை வான்கோழியிடமிருந்து மட்டும் உங்களை மறைப்பதில்லை, மற்ற வேட்டைக்காரர்களிடமிருந்தும் மறைக்கிறது. பொது நிலத்தில் இதை விட்டுவிடாதீர்கள். இதைக் கட்டிவிட்டு வந்து உட்கார்ந்து, முகமூடியும் கையுறையும் போட்டு, அதன் பிறகுதான் தோட்டா.

8. மேல்விளிம்பை உடைப்பது

காட்டில் நேர்கோடு அபூர்வம். 10 அடி நீளத்துக்கு ஒரே மட்டமாகப் போகும் துணி விளிம்பு எவ்வளவு நல்ல கேமோ அச்சாக இருந்தாலும் கண்ணை இழுக்கும். உலர்ந்த கிளைகள் நான்கைந்தைத் திரைக்கு வெளிப்பக்கம், விளிம்புக்கு மேலே ஒரு கையகலம் நீளும்படி சாய்த்து வையுங்கள். சுற்றியுள்ள அதே மரத்தின் குச்சியாக இருக்கட்டும். பைன் காட்டில் ஓக் இலை ஒட்டாது. குழல் திரும்பும் நடுப்பகுதியில் எதுவும் வேண்டாம். முழுக்க மூடிவிட வேண்டும் என்று பத்து நிமிடம் செலவிடுபவர்கள், அந்தப் பத்து நிமிடமும் அசைந்துகொண்டே இருக்கிறார்கள்.

9. குரல் கொடுப்பதும் காத்திருப்பதும்

எல்லாம் முடிந்த பிறகு இரண்டு நிமிடம் சும்மா இருங்கள். காடு பழைய நிலைக்கு வரட்டும். பிறகு மென்மையாகப் பெட்டைக் குரல்.

திரையின் முழுப் பலன் இங்கேதான் கிடைக்கிறது. பெட்டைக் குரல் எழுப்பும் கைக்கருவிகளான பெட்டி அழைப்பானும் சிலேட் அழைப்பானும் இரண்டு கையும் அசைய வேண்டியவை. திரை இல்லாதவர் சேவல் கண்ணில் பட்டதும் அதைக் கீழே போட வேண்டும். நீங்கள் மடியில் வைத்துத் தொடரலாம். ஆனால் முழங்கையும் துணிக்குக் கீழேயே இருக்க வேண்டும். தோள், தலை, குழல் மூன்றும் வெளியே தெரிகின்றன என்பதை மறக்காதீர்கள். திரைக்குப் பின்னால் இருக்கிறோம் என்ற தைரியத்தில் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. கண்ணை மட்டும் உருட்டுங்கள். வான்கோழியின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால், தலையைச் சற்றே திருப்பினாலும் அது சுற்றிலும் பார்த்துவிடும்.

பதில் வராவிட்டாலும் முப்பது முதல் நாற்பத்தைந்து நிமிடம் இருங்கள். வேட்டைக்காரர்கள் அதிகம் வரும் நிலத்தில் சேவல்கள் சத்தமின்றி வரும். காய்ந்த இலையில் காலடி ஓசை, தோகை விரிக்கும்போது எழும் தாழ்ந்த டம்மென்ற அதிர்வு ஆகியவற்றைக் காதால் பிடியுங்கள்.

இன்னொரு வேட்டைக்காரர் உங்களை நோக்கி வந்தால் கையை ஆட்டாதீர்கள், பெட்டைக் குரலும் கொடுக்காதீர்கள். அசையாமல் இருந்தபடி உரத்த மனிதக் குரலில் கூப்பிடுங்கள். அன்றைய வேட்டை கெட்டாலும் பரவாயில்லை.

10. சுடுவது

துப்பாக்கியைத் தூக்கும் நேரம், சேவலின் தலை மரத்துக்குப் பின்னாலோ விரித்த வாலுக்குப் பின்னாலோ மறையும் நேரம். பெரும்பாலான மாநிலங்களில் வசந்தத்தில் நெஞ்சில் தாடி (மயிர் போலத் தொங்கும் இறகுக் கற்றை) உள்ள பறவை அல்லது சேவல் மட்டுமே சட்டப்படி சரி. அதைக் கண்ணால் உறுதி செய்யாமல் விசையில் விரல் போகக் கூடாது.

தோகை விரித்து நிற்கும்போது கழுத்து சுருங்கியிருக்கும். ஒரு சிறு குரல் கொடுத்தால் கழுத்தை நீட்டும். இறகு முடிந்து வெறுந்தோல் தொடங்கும் இடத்தைக் குறி வையுங்கள். பின்னால் இன்னொரு பறவை நின்றால் அது நகரும் வரை காத்திருங்கள். குழலின் பாதையை இன்னொரு தடவை பாருங்கள். இப்போது நீங்கள் சற்று சரிந்து உட்கார்ந்திருப்பீர்கள், முன்பு திறந்திருந்த பாதை மூடியிருக்கலாம்.

சுட்டதும் சேஃப்டியைப் போட்டு, திரையைச் சுற்றி நடந்து போங்கள். தாண்டிக் குதித்தால் கம்பு தடுக்கும், கையில் இருப்பது துப்பாக்கி. துடிக்கும் பறவையின் கால் முள் கையைக் கிழிக்கும், கவனம். டேக் கட்டுவதும் மாநிலத்துக்குத் தெரிவிப்பதும் உங்கள் மாநில விதி சொல்லும் நேரத்துக்குள் நடக்க வேண்டும். பறவையை ஆரஞ்சுப் பையில் மூடியே தூக்கி வாருங்கள்.

11. சுருட்டிக்கொண்டு நகர்வது

எழுவதற்கு முன் ஐந்து நிமிடம் சுற்றிலும் பாருங்கள். சத்தமின்றி வந்த சேவலை எழுந்து நின்று கலைப்பவர்கள் பலர். பிறகு தோட்டாவை எடுங்கள், பொம்மைகளைப் பைக்குள் போடுங்கள், ஆரஞ்சுப் பட்டையை அவிழுங்கள், கடைசியில் திரை.

கம்பை நேராக மேலே இழுங்கள். ஆட்டி ஆட்டிப் பிடுங்கினால் துணி உறையின் தையல் விடும். ஒரு முனையிலிருந்து கம்பின் மேல் துணியை இறுக்கிச் சுருட்டி வந்தால், அடுத்த இடத்தில் அதே வரிசையில் விரியும். கம்புகளை எண்ணுங்கள். சாய்த்து வைத்த கிளைகளைக் கலைத்துவிடுங்கள். அவை அப்படியே நின்றால் அடுத்து வருபவர் அங்கே ஆள் இருப்பதாக நினைப்பார்.

வீட்டுக்கு வந்ததும் திரையை விரித்துக் காயவிடுங்கள். பனி ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சை பிடித்துத் துணி வெளிறும். கம்பு முனையில் ஒட்டிய மண்ணைத் தட்டி, ஃபைபர்கிளாஸில் சிலாம்பு எழுந்திருக்கிறதா என்று கையுறை போட்ட கையால் தடவிப் பாருங்கள். எழுந்த இடத்தில் டேப் சுற்றினால் அந்தப் பருவம் முழுக்கத் தாங்கும். பிளந்த கம்பை மாற்றிவிடுங்கள்.